ஓடுற ஏசியை ஏன் கழட்டச் சொல்றேன்னா

கிறுக்கெல்லாம் இல்லண்ணே. இப்ப போன்ல யார்கிட்டயோ சொன்னீங்களே, நல்லா ஓடுற ஏசியைப் போயி இந்த வெயில்ல கழட்டச் சொல்லுது ஒரு கிறுக்குன்னு. சமையக்கட்டு ஜன்னல் தொறந்திருந்துச்சு, காதுல விழுந்துச்சு. கோவமெல்லாம் இல்ல, எறங்காதீங்க. ஏணி ஆடுது, நான் புடிச்சுக்கறேன். எனக்கு அஞ்சு மணிக்குள்ள வேலை முடியணும், அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள. இல்ல, அவருக்குத் தெரியாது. வந்ததும் தெரிஞ்சுக்குவாரு, சுவத்துல அவ்வளவு பெரிய ஓட்டை இருக்கும்ல.

வீடு மாத்தலண்ணே. விக்கவும் இல்ல. சொல்றேன், மொதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க. பயப்படாதீங்க, ஃப்ரிட்ஜ் தண்ணிதான். குழாய்ல வர்றதுல நேரா டீத்தூள் போடலாம்.

இந்தக் காலனியில ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி வெயிலைச் சமாளிக்கிறாங்க. மூணாவது வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரு தினமும் பத்து மணிக்கு பேங்குக்குப் போயி டோக்கன் எடுத்துட்டு உக்காந்துடுவாரு. அவரு நம்பரைக் கூப்பிட்டா, பக்கத்துல இருக்கறவங்களப் பார்த்து, நீங்க போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லைம்பாரு. நாலு மணி வரைக்கும் பெருந்தன்மையா இருந்துட்டு வருவாரு. முனை வீட்டு அம்மா சூப்பர் மார்க்கெட்ல பால் ஃப்ரிட்ஜ் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு பாக்கெட்ல தேதி படிப்பாங்க. ஒரு பாக்கெட்டு, அரை மணி நேரம். எங்க வீட்டுக்காரர் பனியனை ஃப்ரீஸர்ல வைக்கிறாரு. வெளிய எடுத்தா அது தானா நிக்கும். போன வாரம் அவசரத்துல மாட்டப் போயி அக்குள்கிட்ட படக்குன்னு போயிடுச்சு. கிழியலண்ணே, ஒடிஞ்சிடுச்சு.

சிரிங்க சிரிங்க. ஏணியில இருந்து விழாம சிரிங்க.

நடுவுல இந்தச் சந்து இருக்கு பாருங்க. எதிர்ல இருக்கறது என் ஓரகத்தி வீடு. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், அக்கான்னுதான் கூப்பிடுவேன். ஒரே மனையை ரெண்டாப் பிரிச்சு அண்ணனும் தம்பியும் கட்டுனது. ரெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. எதுக்குன்னு கேக்காதீங்க. சரி, கேட்டுட்டீங்க. மாடியில விழுற மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகணும்கறதுக்கு. ஆமாண்ணே, மழைத்தண்ணி. இப்ப மழையும் இல்ல, தண்ணியும் இல்ல, சண்டை மட்டும் வத்தாம இருக்கு.

அவங்கதான் மொதல்ல ஏசி வாங்குனாங்க. அதோட அவுட்டோரை, அந்த அனல் கக்குற பெட்டியை, என் சமையக்கட்டுக்கு நேரா மாட்டிட்டாரு அண்ணன்காரரு. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் அது, நடுவுல நான். இவரு சும்மா இருப்பாரா? அடுத்த மாசமே இதை வாங்கி, அதோட மூஞ்சிக்கு மூஞ்சி மாட்டிட்டாரு. நீங்க தலையில அடிச்சுக்கறீங்க, மாட்ட வந்தவரும் அப்படித்தான் அடிச்சுக்கிட்டாரு. அதோட சூடு இதுக்கு, இதோட சூடு அதுக்கு. ரெண்டும் ஓடும், ரெண்டு வீட்லயும் வேர்க்கும். ஒருநாள் அக்கா ஜன்னலைத் தொறந்து தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லுச்சு, அண்ணனும் தம்பியும் பேசிக்கலைன்னாலும் அவங்க ஏசி ரெண்டும் நல்லாப் பேசிக்குதுன்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சா தோத்த மாதிரி ஆயிடுமேன்னு படார்னு ஜன்னலைச் சாத்திட்டேன்.

அக்கா வாய் அப்படி. கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் ஒரே சமையக்கட்டு. சிரிச்சுச் சிரிச்சே பாலைப் பொங்க விடுவோம்.

இந்த வருஷம் வெயில் ஆரம்பிச்சப்ப ஒருநாள் என்னால பொறுக்க முடியல. ஒரு பெரிய கம்பளியைத் தண்ணியில முக்கி, ஒட்டடைக் கம்புல மாட்டி, ஜன்னல் வழியா அந்த அவுட்டோர் மேல போர்த்திவிட்டேன். அனல் நின்னுடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. இவரு வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். நாலு நாள் இப்படி. அஞ்சாம் நாள் ஏதோ கருகுற வாசனை. அடுப்புலயோன்னு பார்த்தா, நான் அடுப்பே பத்த வைக்கல.

நீங்க ஸ்பேனரை நிறுத்திட்டுப் பாக்கறதுலயே தெரியுது. அவங்க கம்ப்ரஸர்தான் போயிடுச்சு. கம்பெனி ஆளு வந்து, வெயில் தாங்கலைன்னு சொல்லிட்டுப் போனாரு. நானும் விட்டுட்டேன். பழி வெயில் மேல விழுந்துச்சு, வெயில் வந்து நான் இல்லைன்னா சொல்லப் போகுது?

அவங்க புதுசுக்குச் சொல்லியிருக்காங்க. சீசன்கறதால மூணு வாரம் ஆகுமாம்.

போன செவ்வாக்கிழமை மத்தியானம் எதிர் சமையக்கட்டுல பாத்திரம் உருள்ற சத்தம். பெரிய சத்தம். என்னைக் கடுப்பேத்தத்தான் உருட்டுதுன்னு நானும் ஒரு தட்டை எடுத்து ணங்குன்னு வெச்சேன். பதிலுக்கு. அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பக்கம் ஒண்ணும் வரல. ஜெயிச்சுட்டோம்னு போய்ப் படுத்துட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு ஆம்புலன்ஸ் வந்துச்சு.

இல்லண்ணே, பொழைச்சுக்கிச்சு. நாலு நாள் டிரிப்ஸ். இன்னிக்குக் காலையிலதான் கூட்டிட்டு வந்தாங்க. மறுபடி சூட்டுல கெடந்தா தாங்காதுன்னு டாக்டர் சொன்னாராம், பால்காரர் சொன்னாரு. என்கிட்ட சொல்ல வேற யாரு இருக்கா.

ஏசிக்குள்ள இருக்கற கேஸை லாக் பண்ணியாச்சா? அப்ப கழட்டிடுங்க. எங்க கொண்டு போகணுமா? வண்டியெல்லாம் வேணாம். இந்த வாசல்ல எறங்கி அந்த வாசல்ல ஏறணும். இன்டோர் அவங்க பெட்ரூம்ல. அவுட்டோரை மட்டும் தயவுசெஞ்சு மொட்டை மாடியில வைங்க. நாங்களா? எதிர்ல இருந்து அனல் வராதுல்ல, அதுவே எங்களுக்குப் பாதி ஏசி.

சொல்லலண்ணே. இல்ல, அவங்க யாருக்கும் தெரியாது. அண்ணன்காரரு மருந்துக் கடைக்குப் போயிருக்காரு, இப்பதான் வண்டி கெளம்புற சத்தம் கேட்டுச்சு. அக்கா மட்டும்தான். மெதுவா நடக்குது, ஜன்னல்ல பார்த்தேன்.

நீங்க சொல்றதும் சரிதான். கேக்காம அடுத்த வீட்டுச் சுவத்துல எப்படி ஓட்டை போடுவீங்க. சரி, எறங்குங்க. வாங்க. முன்னாடி நீங்க போறீங்களா? இல்ல இல்ல, நானே போறேன். பெல்லுதானே. கரண்டையா தொடப் போறேன்.

அடிச்சுட்டேன். காலடிச் சத்தம் கேக்குது. நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்கண்ணே.

அக்கா, நான்தான். சாத்தாதீங்கக்கா. அந்த அவுட்டோர் மேல கம்பளி போர்த்துனது நான்தான்.