கண்ணாடிக்கு அந்தாண்ட கரடி

— கண்ணாடியா? கண்ணாடி வெச்சிட்டா கையி எப்டிங்க உள்ள போவும்?

— கை உள்ள போகக் கூடாதுன்னுதாம்மா வைக்கிறோம். இந்தப் படத்தப் பாருங்க. இந்தக் கம்பிக் கூண்ட மொத்தமா எடுத்துடுவோம். இங்க குளம், இங்க மண்மேடு, பின்னால மறைவா ஒரு குகை. கரடிக்கு இஷ்டம்னா வெளிய வரும், இல்லன்னா உள்ளயே படுத்துக்கும்.

— நல்லா கீதுங்க மேடம்! எலவனாசூர்கோட்டையில இருந்து பஸ்ஸு மாறி வரோம். அது குகையில படுத்துக்கினா நாங்க இன்னாத்த பாக்கறது?

— அதுக்குத்தான் கருத்து கேக்கறோம். புது ஜூ எப்படி இருக்கணும்னு பாக்க வர்றவங்களே சொல்லட்டும்னு உத்தரவு. உங்க பேரு?

— இருசம்மா. இவ எம்பொண்ணு தனுஷா, ஒண்ணாவது படிக்கறா. நீங்க யாருங்க, இங்க ஆபீசரா?

— ஆமாம்மா, பேரு சுபஸ்ரீ. சொல்லுங்க, இங்க என்னல்லாம் வேணும்?

— மொதல்ல கக்கூசு. பொம்பளைங்களுக்குத் தனியா, தாப்பாளு வுழற கதவோட. அப்பறம் கைக்கொழந்தைக்குப் பாலு குடுக்க ஒரு மறைப்பு. வயசானதுங்க நடக்க முடியாம அந்தக் கேட்டாண்டயே குந்திக்கினு கீதுங்க பாருங்க, அதுங்களுக்கு ஒரு வண்டி.

— எல்லாமே திட்டத்துல இருக்கும்மா. பேட்டரி வண்டி விடறோம்.

— அப்பறம் கரடி முடி.

— என்னது?

— கரடி முடிங்க. கொழந்த பயந்துக்கினா தாயத்துல வெச்சுக் கட்டுவாங்க இல்ல? டிக்கெட்டு குடுக்கற எடத்துலயே வெச்சு வித்தா இன்னா? ஜனங்களும் வாங்கும், உங்களுக்கும் வருமானம்.

— ஏம்மா, அது சட்டப்படி குத்தம்மா!

— நாங்க இன்னா தோலயா கேக்கறோம்? கொட்டற முடிதான?

— கொட்டற முடிய யாரு பொறுக்கறாங்க? பிடுங்கறாங்க. வாங்க, இப்படி வந்து பாருங்க. பாப்பா நீயும் வா.

— அம்மா, கிட்ட போவ வேணாம்மா.

— ஆபீசரு கூட இருக்காங்க இல்ல, இன்னாடி பயம்? ஒண்ணும் பண்ணாது.

— அது தூங்குதும்மா. எழுப்பாத.

— பாப்பா சொல்றது சரிதான், இங்கயே நிப்போம். இருசம்மா, கரடியோட தோள் தெரியுதா?

— ஐய, சொட்டையா கீது. சொறி புடிச்சிகிச்சா?

— சொறியில்ல. மல்லின்னு இதுக்குப் பேரு. இது கம்பியோரமா படுத்தா போதும், குச்சி முனையில ஒயர் கம்பிய கொக்கி மாதிரி வளைச்சுக் கட்டி, முடியில சுத்தி இழுக்கறாங்க. காணும் பொங்கல் கூட்டத்துல எவனோ தோலோட பிச்சு எடுத்துட்டான். அது கத்துன கத்து என் ரூம் வரைக்கும் கேட்டுது. நான் ஓடி வர்றதுக்குள்ள ஆளு கூட்டத்துல கலந்துட்டான்.

— அடப்பாவி! வாயில்லா ஜீவன அப்டி பண்ணுவானா? அவன் கையி வெளங்குமா?

— குட்டியா இருந்தப்ப கல்வராயன் மலையடிவாரத்துல கெணத்துல விழுந்து கெடந்துது. தூக்கிட்டு வந்து நாங்கதான் வளத்தோம். மனுஷங்கள நம்பி வளந்த கரடிம்மா. இப்ப செருப்பு சத்தம் கேட்டாலே மூலைக்குப் போயிடுது. எனக்கு ஆத்தாமையா இருக்கு. மத்ததெல்லாம் மெதுவா வரட்டும், கண்ணாடி மொதல்ல வரணும்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா நான் கேட்ட பாதிப் பேரு கண்ணாடி வேணாம்னுட்டாங்க. நீங்களும் அதையே சொன்னா, முன்வாசல் அலங்காரத்த மொதல்ல கட்டிட்டு, கண்ணாடிய அப்பறம் பாத்துக்கலாம்னுடுவாங்க.

— பாவமாத்தாங்க கீது. ஆனா எங்கதையக் கேளுங்க. பொங்கல்ல இருந்து இவ தூங்கறதே இல்ல. கண்ண மூடுனா போதும், அலறிக்கினு எழுந்து குந்திக்கறா. நான் கரும்பு வெட்டப் போறவ. ராவெல்லாம் முழிச்சுக்கினு இருந்துட்டு வெட்டரிவாளப் புடிச்சா கையி நிக்க மாட்டேங்குது மேடம். நேத்து கால வெட்டிக்க இருந்தேன்.

— டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?

— காட்னேன். ரத்தம் கம்மின்னு டானிக்கு குடுத்தாரு. மந்திரிச்சும் பாத்தாச்சு. அப்பறந்தான் இந்தத் தாயத்து, இதோ கழுத்துல கீது பாருங்க.

— இதுல என்ன, கரடி முடியா?

— ஆமாங்க. இவ தம்பி கைக்கொழந்த, அவனுக்குன்னு எங்கூடப் பொறந்தவன் அய்யப்பன் வாங்கியாந்தது. இவ அலற ஆரம்பிச்சதும் கொழந்த கயித்த அவுத்து இவளுக்குக் கட்டிவுட்டேன். கட்டுனதுல இருந்து இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. முடி பத்தலயோன்னுதான் வாங்கினு போலாம்னு வந்தேன். நீங்க இன்னாடான்னா கண்ணாடி வெக்கறேன்றீங்க.

— உங்க தம்பி அத எங்க வாங்குனாரு?

— வெளிய யாரோ வித்தாங்கன்னான். காணும் பொங்கலுக்கு இவள இந்த ஜூவுக்குக் கூட்டினு வந்தான் இல்ல, அன்னிக்குத்தான். எனக்கு ஊட்ல கைக்கொழந்த, வர முடியல.

— காணும் பொங்கலுக்கா?

— ஆமா. ஏங்க, இன்னா அப்டி பாக்கறீங்க?

— ஒண்ணுமில்லம்மா. பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்கலாமா?

— கேளுங்க. தனுஷா, மேடம் கேக்கறதுக்கு பதில் சொல்லு.

— தனுஷா, இங்க பாரு. ராத்திரி கனவுல கரடி வருதா? உன்னத் துரத்துதா?

— இல்ல.

— இன்னாடி இல்ல? பின்ன எதுக்குடி அப்டி அலறுற? சொல்லேன்.

— திட்டாதீங்க இருசம்மா. சொல்லு கண்ணு, கரடி வரலன்னா வேற யாரு வர்றாங்க?

— நாந்தான் கரடி. அய்யப்பன் மாமா கொக்கி எடுத்துக்கினு வராரு.