ஆள் உயரச் சாவி

– முப்பத்தாறு பேர். எழுதிக்கங்க. முப்பத்தாறு பேரும் ஆளுக்கொரு கம்பியோட வந்தாங்க. நான் ஒத்தை ஆளா நின்னேன்.

– எழுதட்டுமா மேடம்?

– ரைட்டர், பேனாவைக் கீழ வைங்க. பெரியவரே, டிப்போ வாசல் கேமராவுல ஏழு பேர்தான் தெரியுறாங்க.

– அந்தக் கேமராவுக்கு என்ன தெரியும்? ரெண்டு வருஷமா அதுல காக்கா குடித்தனம் நடத்துது. சரி, ஏழுன்னே வச்சுக்கங்க இன்ஸ்பெக்டரம்மா. ஒவ்வொருத்தனும் அஞ்சு ஆள் தடிமன். கூட்டினா முப்பத்தஞ்சு. மிச்சம் ஒண்ணு என் மாப்பிள்ளையோட தலைக்கனம். அது தனி ஆளு.

– உங்களுக்கு வயசு என்ன?

– காகிதத்துல அறுபத்தொன்பது. கையில இருபத்தஞ்சு.

– பம்ப் ஹவுஸ்ல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த வேலையில இப்போ உங்க பொண்ணு இருக்காங்க. சரிதானே?

– பொண்ணு பேச்சு எதுக்கு இங்க? அவ பாட்டுக்கு வால்வைத் திறப்பா, மூடுவா. என்னைக் கேளுங்க. அடிச்சது நான்.

– டீ ஆறுது. குடிங்க.

– குடிக்கறேன், குடிக்கறேன். ரைட்டர் தம்பி, அந்த டம்ளரை இந்தப் பக்கம், இடது கைக்குக் குடுங்க. ஆ, அப்படி.

– பெரியவரே, விளையாடாதீங்க. உங்க மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்கார். தாடை உடைஞ்சிருக்கு, பேச முடியல. காகிதத்துல எழுதிக் குடுத்திருக்கார். "அடிச்சவன் டிப்போல தங்கியிருக்கிற மூழ்குனவன். நெட்டை. தாடி வச்சிருந்தான்."

– அவங்க எங்கம்மா மூழ்குனாங்க? ஊருதான் மூழ்குச்சு. கடல் வீட்டுக்குள்ள வந்து அடுப்பு மேல உட்கார்ந்துச்சு, இவங்க எழுந்து வந்தாங்க. இவங்களே மூழ்கியிருந்தா நம்ம ஆளுங்களுக்கு அடிக்க யாரு இருந்திருப்பாங்க?

– உத்தரவு என்னன்னு உங்களுக்கே தெரியும். முகாம் ஆள் ஒருத்தர் கை ஓங்கினாலும் மொத்த முகாமும் காலி. நாலு மணிக்கு லாரி. நாற்பத்திரண்டு குடும்பம்.

– எங்க கொண்டு போய் இறக்குவீங்க?

– உப்பளத்துக்கு அந்தப் பக்கம்.

– போன மாசம் அங்க ஒரு கூட்டத்தை இறக்கினீங்களே, அதுல எத்தனை பேர் மிச்சம்?

– அது என் ஸ்டேஷன் எல்லை இல்ல.

– வெயிலுக்கு எல்லை தெரியாதும்மா. அதனாலதான் சொல்றேன். மாமனார் மாப்பிள்ளையை அடிச்சான். குடும்பச் சண்டை. முகாமுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. என்னை உள்ள போடுங்க, லாரியைத் திருப்பி அனுப்புங்க.

– நம்புற மாதிரி சொல்லுங்க, அனுப்பறேன். நேத்து காலைல பத்து மணி. டிப்போ வாசல். ஆரம்பிங்க.

– கேளுங்க, கேளுங்க. முதல்ல வந்தவன் பெட்ரோல் கேனோட வந்தான். விட்டேன் பாருங்க மூக்குல ஒண்ணு! மூக்கு இருந்த இடத்துல இப்போ பள்ளம்தான். மழை பெஞ்சா தண்ணி தேங்கும்.

– காலைல அவரைப் பார்த்தேன். மூக்கு முழுசா இருக்கு.

– அதுக்குள்ள ஒட்டிட்டாங்களா? டாக்டருங்க கில்லாடிங்க. அடுத்தவன் கம்பியை ஓங்கினான். கம்பியைப் பிடுங்கி, அவன் கழுத்துல சுத்தி, ரிப்பன் மாதிரி முடிச்சுப் போட்டேன். மூணாவது ஆளைக் காலைப் பிடிச்சுச் சுழட்டினேன், டிப்போ கூரை மேல போய் விழுந்தான். இன்னும் இறங்கியிருக்க மாட்டான், ஏணி வச்சுப் பாருங்க.

– ஏணியை எழுதட்டுமா மேடம்?

– வேண்டாம் ரைட்டர். பெரியவரே, இவ்வளவும் நடக்கும்போது முகாம் ஆம்பளைங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?

– உட்கார்ந்திருந்தாங்க.

– உட்கார்ந்து?

– கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு, ரெண்டு வரிசையா. வலை இழுத்த கைம்மா அதெல்லாம். எழுந்து ஒரு தட்டு தட்டினா வந்தவன் ஏழு பேரும் ஏழு ஊர்ல விழுந்திருப்பான். எழுந்திருக்கல.

– யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?

– உங்க உத்தரவுதான் சொல்லிக் குடுத்துச்சு. ஒருத்தர் கை ஓங்கினா எல்லாரும் காலின்னு. தையல்காரர் ஒருத்தர், முன் வரிசை. வாயிலேயே கம்பி விழுந்துச்சு. பல்லைத் துப்பிட்டு, கை வெளிய வருதான்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டார். பக்கத்துல தச்சர். அவர் முட்டியில மூணு அடி. அடிச்சவனே களைச்சுப் போய் மூச்சு வாங்கினான்.

– மொத்தம் எத்தனை பேருக்கு அடி?

– பதினொண்ணு.

– நூத்துப்பத்துன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்.

– பதினொண்ணுதாம்மா.

– ரைட்டர், அதை எழுதுங்க.

– எழுதிட்டேன் மேடம்.

– சரி. மாப்பிள்ளைக்கு வாங்க.

– மாப்பிள்ளைக்குத்தான் எப்பவும் தனி மரியாதை! மத்தவங்க கம்பியோட வந்தா, அவர் ரெண்டு சட்டி கான்கிரீட்டோட வந்தார். நேரா வால்வுக் குழிக்குப் போனார். முகாம் லைனுக்கு இருக்கிறது ஒரே வால்வு. அதை மூடினா நான் திறந்துடுவேன்னு அவருக்குத் தெரியும். அதனால குழியையே கலவை கொட்டி அடைச்சுடலாம்னு வந்தார். தண்ணி இல்லைன்னா மூணு நாள்ல தானா நடையைக் கட்டுவாங்கல்ல?

– நீங்க எங்க இருந்தீங்க?

– குழிக்குள்ள.

– இப்போதானே வாசல்ல நின்னு ஆளைக் கூரை மேல வீசினீங்க?

– வீசிட்டு இறங்கினேன். சுறுசுறுப்பு.

– அந்தக் குழி ரெண்டடி அகலம். நானே போய் அளந்தேன். உங்க வயித்தைப் பாருங்க.

– இது நேத்து ராத்திரி சாப்பிட்டதும்மா. காலைல நான் ஊசி மாதிரி இருந்தேன்.

– ஆனா ஒண்ணு சரியா வருது. டாக்டர் சொல்றார், அடி கீழயிருந்து மேல வந்திருக்கு. இடது மணிக்கட்டை முறிச்சு, அதே வேகத்துல தாடையைப் பேத்திருக்கு. நெட்டை ஆள், தாடிங்கிறதெல்லாம் பொய். குழிக்குள்ள நின்ன யாரோதான் அடிச்சிருக்காங்க.

– அதைத்தானே நானும் சொல்றேன்! இதோ, உங்க மேஜை மேல கிடக்கே, இதே சாவிதான். வால்வு திறக்கிற சாவி, ஆள் உயரம், எண்பது கிலோ. முப்பத்தோரு வருஷம் இதைச் சுண்டு விரல்ல மாட்டிச் சுத்தியிருக்கேன். பம்ப் ஹவுஸ்ல ஃபேன் கிடையாது, எல்லாருக்கும் காத்தே இதுலதான்.

– எடை போட்டாச்சு. பதினாலு கிலோ.

– தராசைச் சோதனை பண்ணுங்க.

– இன்னொண்ணு. ரெண்டு சட்டியில ஒரு சட்டி காலியா கிடந்துச்சு. குழிக்குள்ள ஆள் நிக்கிறது தெரிஞ்சும் மேலயே கொட்டியிருக்கார். உங்க சட்டையில ஒரு துளி இல்ல. தலையில இல்ல.

– தலையில ஒட்டறதுக்கு என்னம்மா இருக்கு? வழுக்கி ஓடிடுச்சு.

– சிரிக்காதீங்க ரைட்டர்.

– மன்னிச்சுக்கங்க மேடம்.

– பெரியவரே, உங்க கதையை எல்லாம் நான் பத்தால வகுத்துக் கேட்டுப் பழகிட்டேன். இந்த ஊரே அப்படித்தான் கேக்குது. நாளைக்குக் கோர்ட்டுல உங்க மாப்பிள்ளையோட வக்கீல் கேப்பான். இந்தக் கிழவரால அந்தச் சாவியைத் தூக்க முடியுமான்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்லட்டும்?

– முடியும்னு சொல்லுங்க.

– தூக்கிக் காட்டுங்க.

– இப்பவா?

– இப்பவே. தூக்கிட்டா உங்க வாக்குமூலத்தை வாங்கிக்கறேன், லாரியை நிறுத்தறேன்.

– இன்னைக்குக் கொஞ்சம் ஈரப்பதம் ஜாஸ்தி. இரும்பு தண்ணியைக் குடிச்சு உப்பியிருக்கும்.

– தூக்குங்க.

– இந்த மேஜை வேற உயரம் சரியில்ல. தம்பி, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.

– பிடிக்காதீங்க ரைட்டர். வலது கையைக் குடுங்க பெரியவரே. டீ டம்ளரைக் கூட இடது கையிலதானே வாங்கினீங்க? தோள்பட்டைக்கு மேல வருமா இந்தக் கை?

– வரும். நேத்து வந்துச்சு.

– போதும். உட்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு.

– இன்னொரு தடவை பார்க்கறேன். ஒரே ஒரு தடவை.

– உட்காருங்க. ரைட்டர், லாரி எங்க நிக்குது?

– டிப்போ வாசலுக்கு வந்தாச்சு மேடம். மூணு லாரி.

– அடிச்சது யாருன்னு எனக்குக் காகிதத்துல ஒரு ஆள் வேணும். இல்லைன்னா மாப்பிள்ளை எழுதிக் குடுத்ததுதான் நிக்கும். எனக்கு வேற வழி இல்ல.

– அம்மா, நான் ஆயுசுக்கும் சொன்ன அத்தனையும் பொய்னு வேணா எழுதித் தரேன். இதை ஒண்ணை மட்டும் நம்புங்கம்மா.

– மேடம், பம்ப் ஹவுஸ் ஆபரேட்டரம்மா வந்து வெளிய நிக்கிறாங்க. உள்ள விடட்டுமா?

– விடாதீங்க! என் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நேத்து அவ ஊர்லயே இல்ல. வெளிநாடு போயிருந்தா.

– வெளிநாடா?

– பக்கத்து ஊரு. பஸ் லேட்டு.

– வரச் சொல்லுங்க.

– வணக்கம் மேடம். நான் அந்தச் சாவிக்காக வந்தேன். மூணரைக்கு முகாம் லைன் திறக்கணும். வேற சாவி கிடையாது.

– நீ ஏன்டி வந்தே? போ, வீட்டுக்குப் போ!

– நீங்க சும்மா இருங்கப்பா. நேத்திக்கும் தண்ணி விடல மேடம். அங்க கைக்குழந்தைங்க பத்து இருக்கு. அடி வாங்கினவங்களுக்குக் காயம் கழுவத் தண்ணி இல்ல. நான் எடுத்துக்கறேன்.

– அம்மா, அது சாட்சிப் பொருள்! தொடாதீங்க! மேடம், பாருங்க, ஒரே கையால தூக்கித் தோள்ல வச்சுட்டாங்க!

– பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் ரைட்டர். காதுக்குப் பின்னாடி என்னம்மா, சாம்பல் நிறத்துல?

– கலவை மேடம். உரிச்சா தோலோட வருது. நானே சொல்லிடறேன், அவர் முதல் சட்டியைக் கொட்டும்போது நான் அண்ணாந்து பார்த்தேன். என்னைப் பார்த்துக்கிட்டேதான் கொட்டினார். ரெண்டாவது சட்டியைத் தூக்கினார். அப்போ...

– நான் உங்களை ஒண்ணுமே கேக்கலையே.

– இல்ல மேடம், அப்பா மேல...

– நான் கேக்கல. கேக்காததுக்குப் பதில் சொல்லாதீங்க. வேற ஒண்ணு கேக்கறேன், அதுக்குச் சொல்லுங்க. உங்க பேர் இந்தக் கேஸ்ல வந்தா என்ன ஆகும்?

– அன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணுவாங்க. சாவி ஹெல்ப்பர் கைக்குப் போகும்.

– ஹெல்ப்பர் யாரு?

– என் கொழுந்தன். என் வீட்டுக்காரரோட தம்பி.

– நேத்து வந்த ஏழு பேர்ல அவர் உண்டா?

– முட்டியில அடிச்சது அவன்தான் மேடம்.

– அவர் முகாம் லைனைத் திறப்பாரா?

– மூடுறதுக்குத்தான் அவனுக்குக் கை வரும் மேடம்.

– மணி என்ன ரைட்டர்?

– மூணே கால் மேடம்.

– நீங்க கிளம்புங்கம்மா. தண்ணி விட்டுட்டுச் சாவியை இங்க கொண்டு வந்து குடுத்துடணும். நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போகணும். தினமும். போற வழியில டாக்டர்கிட்ட அந்தக் காதைக் காட்டுங்க. பைப் வேலைன்னு சொல்லுங்க.

– அப்பா...

– போடி. இங்க டீ நல்லா இருக்கு. நாப்பது டம்ளர் குடிச்சுட்டேன்.

– ரைட்டர், லாரிக்காரங்களைத் திரும்பிப் போகச் சொல்லுங்க. அடிச்ச ஆள் கிடைச்சாச்சு, முகாம் ஆள் இல்ல. இப்போ பேனாவை எடுங்க. வாக்குமூலம். "மேற்படி முதியவர், சம்பவத்துல பயன்படுத்திய சாவியை என் முன்னாலயே தூக்கிக் காட்டினார். நான் நேர்ல பார்த்தேன்."

– எழுதிட்டேன் மேடம். எந்தக் கையாலன்னு போடட்டும்?

– சுண்டு விரலால.