செருப்பைப் பார்த்துத் திரும்பியவள்

வாயே திறக்காமல் இந்த அவையை அடக்கி வைத்திருக்கும் தலைவர், மதிப்பிற்குரிய பாதிரியார் வூனா அவர்களே! நம் தீவு வழக்கப்படி இடுப்பில் பாயைச் சுற்றி, முகத்தில் மரியாதையைச் சுற்றி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பாய் பின்னிப் பின்னி விரல்நுனி தேய்ந்த தாய்மார்களே! கடல் கடந்து, கக்கத்தில் பதிவேட்டோடு வந்திருக்கும் அதிகாரி ஐயா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஃபூசியின் பணிவான வணக்கம்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. மறைப்பானேன்? மீன்காரன் "இப்பத்தான் பிடிச்சது" என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பிரசங்கம் சீக்கிரம் முடிந்தால், பாதிரியாருக்கு இன்று எந்த வீட்டில் விருந்து என்று விசாரிப்பேன். தலைவர் சிரிக்கிறார் பாருங்கள், அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட என் காதில் அதிகாரி ஐயா சற்று முன்பு ஒரு செய்தியைப் போட்டார். நம் ஊர்ப் போதை மீட்பு இல்லத்துக்கு எட்டு மாதமாக ஒரு பெண்கூட வரவில்லையாம். ஆகவே பெண்களுக்கென ஒதுக்கிய இரண்டு கட்டில்களையும் ஆண்களுக்கே கொடுத்துவிடலாமாம். கூட்டம் முடிந்ததும் கையெழுத்தாம். "கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது" என்றும் சொன்னார்.

திறந்த கதவா? யாருக்குத் திறந்த கதவு? எவருக்குத் திறந்த கதவு? ஐஸ் என்று செல்லப் பெயர் வைத்து விற்கிறார்களே, அந்தப் பாழாய்ப்போன போதைத்தூள், அது ஆண்பிள்ளை யார், பெண்பிள்ளை யார் என்று பார்த்தா பற்றுகிறது? கல்யாணத்துக்கு நாள் நெருங்குகிறது, சீராகக் கொடுக்க வேண்டிய பாய் பாதியில் நிற்கிறது, தூக்கத்தை விரட்ட வேண்டும் என்று பின்னும் கொட்டகைக்குள்ளேயே அது நுழைந்ததை எந்தத் தாய் அறியாள்? அந்தக் கொட்டகைப் பெண்கள் எல்லாம் எங்கே? குணமாகிவிட்டார்களா? காற்றோடு கரைந்துவிட்டார்களா? பதிவேடே, பதில் சொல்!

அது சொல்லாது. நான் சொல்கிறேன். ஆனால் அதற்குமுன் ஒரு விண்ணப்பம். அக்கா தங்கையோடு இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் தயவுசெய்து எழுந்து வெளியே போங்கள். உடன்பிறந்தவள் இருக்கும் இடத்தில் சில பேச்சு உங்கள் காதில் விழக்கூடாது. அந்த மரியாதையை நானும் மீற மாட்டேன். என்னப்பா அங்கே, "நான் சித்தப்பா மகன்தானே" என்கிறாயா? நம் ஊரில் சித்தப்பா மகனும் அண்ணன்தான், பெரியம்மா மகனும் தம்பிதான். எழுந்திரு.

அடடா, தலைவரே, நீங்களுமா? சரிதான், தங்கச்சி வந்திருக்கிறார். தலைவர் இல்லாத கூட்டம் செல்லுமா என்று யாரோ கேட்கிறீர்கள். செல்லும், வெளியே நின்று தலைமை தாங்குவார். அதிகாரி ஐயா, நீங்கள் உட்காருங்கள், இந்தத் தீவில் உங்களுக்கு உடன்பிறப்பு கிடையாது. ஜன்னலோரம் யாரது? சொசாயா! பட்டப்பகலில் நிலாவையா பார்க்கிறாய்? நகர்ந்து போ.

போய்விட்டார்களா? கதவைச் சாத்துங்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, தாழ்ப்பாளும் போடுங்கள்.

தாய்மார்களே, என் நாத்தனார் லெசியெலியை உங்களுக்குத் தெரியும். என் கணவர் கெப்புவேலியின் அக்கா. என் பிள்ளைகளுக்கு அத்தை. எங்கள் வீட்டில் கல்யாணமானாலும் சாவானாலும் முதல் பாய் அவளுக்கு, முதல் பங்கு அவளுக்கு. அவள் முன்னால் நான் உரக்க இருமியதுகூட இல்லை. "ஆம்பளைங்க போனப்புறம் சொல்லு" என்று அவள் அனுமதி கொடுத்ததால்தான் இன்று சொல்கிறேன். என் வீட்டுக்காரரை வீட்டிலேயே அடுப்புக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

லெசியெலி மெலிந்தாள். கன்னம் ஒட்டியது, கை நடுங்கியது, பின்னல் கோணியது. வியாழக்கிழமை தவறாமல் இடுப்புப் பாய் கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, "ஜெபத்துக்குப் போறேன்" என்று கிளம்புவாள். கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவாள். கால் மணியில் முடிகிற ஜெபம் நம் ஊரில் ஏது? ஐஸ் வாங்கத்தான் போகிறாள் என்று முடிவுகட்டி, ஒரு வியாழன் பின்னாலேயே போய் வாழைமரத்தின் மறைவில் நின்றேன்.

அவள் போன இடம் மீட்பு இல்லம். படிக்கட்டில் வரிசையாகச் செருப்புகள். ஏறப் போனவள் நின்றாள். குனிந்து ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தாள். ஒரு ஜோடிக்கு நீல நைலான் நூலால் வார் தைத்திருந்தது. தைத்துக் கொடுத்தவளே நான்தான்! என் கணவரும் குணமாக வேண்டித்தான் உள்ளே உட்கார்ந்திருந்தார். லெசியெலி நிமிர்ந்தாள், திரும்பினாள், என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி ஃபூசி, வாழைக்குப் பின்னாடி என்னடி பண்றே? தார் திருட வந்தியா?"

"நீங்க ஐஸ் வாங்க வந்தீங்கன்னு நெனச்சேன் அண்ணி."

"வாங்கறதுக்கு எதுக்குடி நடக்கணும்? அது வீட்டு வாசலுக்கே வருது. விடறதுக்குத்தான் இவ்வளவு தூரம் நடந்து வரேன்."

"அப்ப உள்ள போக வேண்டியதுதானே?"

"உள்ள என் தம்பி இருக்கான். வட்டமா உக்கார வெச்சு, என்னென்ன பண்ணேன்னு வாயால சொல்லச் சொல்றாங்களாம். அவன் காதுல விழ நான் சொல்லணுமா? இல்ல, அவன் சொல்றத நான் கேக்கணுமா? அதுக்குப் போதையிலயே செத்துப் போறேன், விடு."

அடுத்த வாரம் என் கணவரிடம், "இந்த வியாழன் போகாதீங்க" என்றேன். அவர் வலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானே அண்ணியோடு படிவரை போனேன். குனிந்து பார்த்தாள். சித்தப்பா மகன்களின் செருப்பு மூன்று ஜோடி கிடந்தது.

"இந்த ஊர்ல எனக்குத் தம்பியாகாத செருப்பு எதுடி?" என்று கேட்டு அழுதாள்.

அதிகாரி ஐயா! அவள் பதினொரு வியாழன் வந்தாள். உங்கள் பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை. படிவரை வந்தவளை எழுத உங்களிடம் கட்டம் இல்லை! ஆண் போதையில் விழுந்தால் குடும்பமே கைத்தாங்கலாக அழைத்து வருகிறது. பெண் விழுந்தால் அவளே ஒளிந்து ஒளிந்து நடந்து வர வேண்டியிருக்கிறது. வந்தவளையும் நான் கள்ளியைப் பின்தொடர்வதுபோலப் பின்தொடர்ந்தேன். என் சந்தேகம் தப்பான ஆள்மேல் விழுந்துவிட்டது, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனி அது சரியான இடத்தில் விழட்டும். வராதவர்களைச் சந்தேகிக்க மாட்டேன். வரவிடாத வாசலைச் சந்தேகிப்பேன்! வரவே இல்லை என்று சொல்லும் ஏட்டைச் சந்தேகிப்பேன்!

எங்களுக்கு வேண்டியது அதிகமில்லை. செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு மட்டும். நடத்துபவளும் பெண்ணாக இருக்க வேண்டும். கைக்குழந்தையோடு வந்தால் திருப்பி அனுப்பக்கூடாது. அந்த இரண்டு கட்டில்களும் எங்களுக்கே வேண்டும். "பார்க்கலாம்" என்று தலையாட்டாதீர்கள், அந்தத் தலையாட்டலை நான் நம்ப மாட்டேன். எழுதிக் கொடுங்கள்.

என்ன ஐயா? "நாள் ஒதுக்கினால் பெண்கள் வருவார்களா" என்கிறீர்களா? நான் எப்படிச் சொல்வேன்...

அண்ணி! நீங்கள் ஏன் எழுந்தீர்கள்? கதை சொல்லத்தானே அனுமதி கேட்டேன், எழுந்து நிற்கச் சொல்லவில்லையே. அண்ணிக்குப் பின்னால் இன்னொருத்தி. அந்த ஓரத்தில் இருவர். ஏம்மா, கைக்குழந்தையோடு நீயுமா? குழந்தையை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், அவள் எழுந்து நிற்கட்டும்.

ஐயா, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பேனாவை மூடுங்கள். ஒரு பெயரும் ஏட்டில் ஏறக்கூடாது.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், கேட்கக்கூடாது என்று வெயிலில் நிற்கும் சகோதரர்களுக்கும், வெளியே இருந்து தலைமை தாங்கும் பாதிரியாருக்கும் என் நன்றியும் வணக்கமும். இந்த மேடையில் என் வேலை முடிந்தது.

மேலே வாங்க அண்ணி. இந்தாங்க மைக், மெதுவா பேசுங்க. நான் கதவுகிட்ட நிக்கிறேன், ஒருத்தனும் வர மாட்டான்.