ஒரு சொட்டை நூறாகப் பிரித்தவர்

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, குழந்தைகள் பிரிவின் தலைமைச் செவிலியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், இன்று நாம் நினைவுகூரும் பொறியாளரின் கணவரே, மகளே, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். இந்தக் கூடத்தில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இன்று ஒருவருக்கு விடை கொடுக்கப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் தலைமைப் பொறியாளர் மறைந்துவிட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சொட்டு அக்கா. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணியை நான்கு வயதுப் பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டார்கள்! "அப்ப நான் உன்னை என்னன்னு கூப்பிடறது?" என்று மகள் சண்டை பிடித்தாராம். "மேடம்னு கூப்பிடு. வீட்டுலயாவது கொஞ்சம் மரியாதை கிடைக்கட்டும்" என்றாராம் அம்மா.

அவர் செய்த வேலை என்ன? சில குழந்தைகளின் உடம்பு இன்சுலினைச் சுரப்பதில்லை. கையில் ஒட்டிய சென்சார் ரத்தத்தின் சர்க்கரையைப் பார்க்கும். இடுப்பில் இருக்கும் பம்ப் இன்சுலினைச் செலுத்தும். எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கருவியே முடிவு செய்யும். பெரியவர்களுக்கு இது முன்பே இருந்தது. குழந்தைகளுக்கு? இன்சுலின் கூடிச் சர்க்கரை இறங்கினால், பெரியவர் "தலை சுத்துது" என்று சொல்லிவிடுவார். இரண்டு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? ஒரு சொட்டை நூறாகப் பிரித்து, அதில் ஒரு பங்கைப் பிசகாமல் கொடுக்க வேண்டும். அதைச் செய்து காட்டியவர் அவர்!

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். வார்டில் பதினொரு குழந்தைகளிடம் கருவியைச் சோதித்தோம். விற்பனைக்கு வர ஆறே வாரம். மூன்றாம் நாள் மதியம், மூன்று வயதுச் சிறுமிக்குத் தாய் தட்டில் சாப்பாடு வைத்து, அதன் அளவைக் கருவியில் பதிந்தார். கருவி அதற்கான முழு இன்சுலினையும் கொடுத்துவிட்டது. பிள்ளையோ இரண்டு வாய் தின்றுவிட்டுப் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டது!

ஒரு மணி நேரத்தில் முகம் வெளுத்துத் துவண்டது. பம்ப் தானாக நின்றது. ஆனால் உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியுமா? இதோ மேடையில் இருக்கும் தலைமைச் செவிலியர்தான் பழச்சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கால் மணி நேரத்தில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. தாய் சுவரோடு ஒட்டி நின்று, "நான்தான் பட்டனை அமுக்கினேன்... நான்தான்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அறிக்கையில் ஒருவர் எழுதினார்: காரணம், தாயின் கவனக்குறைவு.

அப்படி எழுதிய மருத்துவர் யார்? நான்தான்.

கூட்டத்தில் சொட்டு அக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "டாக்டர், உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ரெண்டு பேர்."

"மூணு வயசுல தட்டுல வெச்சதை முழுசாச் சாப்பிட்டாங்களா?"

அவர் பேனாவை எடுத்தார்.

"பிள்ளைன்னா பாதியில எழுந்து ஓடத்தான் செய்யும். அது பிள்ளையோட தப்பும் இல்ல, அம்மாவோட தப்பும் இல்ல. ஓடும்னு யோசிக்காம இதைச் செஞ்சேனே, என் தப்பு."

என் வரியை அடித்தார். 'வடிவமைப்பில் பிழை. பொறுப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெளியீட்டை நிறுத்தினார். எத்தனை பேர் முகம் சுளித்தோம்! அன்று மாலையே அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஏழு மாதம் வார்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் தின்னும் ஒவ்வொரு வாயையும் குறித்தார். முதலில் சிறு பங்கு, சர்க்கரை ஏறுவதைப் பார்த்துப் பார்த்து மீதி என்று கருவியை மாற்றினார். இன்று பிள்ளைகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறார்கள். ஓடட்டும்!

அந்தத் தாய் இங்கே வந்திருக்கிறார். வாசலில் என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு அவங்க வந்து சொல்லலைன்னா, என் பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டவே எனக்குக் கை வந்திருக்காது, டாக்டர்."

அம்மா, அந்த வரியை எழுதியவன் நான் என்பது உங்களுக்கு இதுவரை தெரியாது. ஆறு ஆண்டு தாமதமாக, இந்தச் சபை அறிய, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நண்பர்களே! மூன்றே வாரத்தில் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாகப் பார்க்கப் போனபோது பேச்சுக் குறைந்திருந்தது. அவர் கையிலும் மருந்து ஏற்றும் ஊசிக்கு மேல் ஒட்டுப்பட்டை ஒட்டியிருந்தார்கள். அதைக் காட்டி, "உரிக்கும்போது எனக்கே வலிக்குது டாக்டர். நம்ம சென்சாரும் அப்படித்தானே ஒட்டியிருக்கு? பிள்ளைங்க தோல் என்ன ஆகும்? அதை முதல்ல பாருங்க" என்றார். அதன்பின் என்னோடு அவர் பேசவில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான கருவி பாதியில் நிற்கிறது. அதை முடிப்போம். தேதிக்காக அவசரப்பட மாட்டோம். எந்தத் தாய் மீதும் பழி போட மாட்டோம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகம் திறக்கும். முதல் வேலை, அந்தப் பட்டை.