ஏழாவது கட்டை

முதலில் உங்கள் ஸ்டேஷன் ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஐயா. மரச்சட்டத்தின் வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. உள்ளே கரையான் தின்றுவிட்டது. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். உட்கார்ந்ததுமே தட்டிப் பார்த்துவிட்டேன். தொழில் பழக்கம், கை சும்மா இருக்காது.

கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் கருணாகரன். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறியதே, அப்போது ராயபுரத்தில் வீடு வாங்க ஆரம்பித்தேன். யாரையும் மிரட்டி வாங்கவில்லை. விற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சிதிலமான வீடாகப் பார்த்து வாங்கி, செப்பனிட்டு, வாடகைக்கு விடுவேன். கொத்தனாரை அழைக்கும் முன்பு நானே தனியாக உள்ளே போய், ஒரு மூங்கில் கழியால் கூரையைத் தாங்கும் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். கெட்டிக் கட்டை கணீரென்று பதில் சொல்லும். உளுத்த கட்டை வாயை மூடிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள எதுவுமில்லை.

சிலுவையம்மாள் குடியிருந்த வீடு காசிமேட்டுக்குப் போகும் வழியில் இருந்தது. கூடத்தில் பதினோரு கட்டைகள், அதில் நான்கு உளுத்தவை. ஏழாவதில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். தச்சர் தேசப்பன் மாற்றியே ஆகவேண்டும் என்றார். யுத்த காலத்தில் பர்மாத் தேக்குக்கு எங்கே போவது? பொந்துகளில் மரத்தூளும் குங்கிலியமும் குழைத்து அடைத்து, மேலே தார் பூசச் சொன்னேன். பூசியபிறகு பதினொன்றும் ஒரே மாதிரி லட்சணமாக இருந்தன.

அவள் புருஷன் கட்டுமரத்தோடு கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. கருவாட்டு வியாபாரம், ஒரே மகள் ஞானசெல்வி. வாடகை ஒருநாள் தவறியதில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் அடிப்பாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத குடித்தனம். அதுதான் சங்கடம்.

யுத்தம் முடிந்ததும் துறைமுகத்துக்கும் கம்பெனிகளுக்கும் ஜனம் வந்து குவிந்தது. இடித்துக் கட்டினால் அந்த மனையில் நான்கு குடும்பங்களை வைக்கலாம். ஆனால் வாடகைச் சட்டம் வந்துவிட்டதே. ஒழுங்காக வாடகை கொடுப்பவரைக் கிளப்ப முடியாது. ரிப்பேர் என்று மனுப் போட்டால், வேலை முடிந்ததும் பழைய ஆளையே உள்ளே விடவேண்டும். வீடு தானாக விழுந்தால் அந்தத் தொல்லை கிடையாது.

ஞானசெல்வி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண்குழந்தை. தூளி கட்ட வளையம் மாட்டவேண்டும் என்று சிலுவையம்மாள் வந்து நின்றாள்.

"எந்தக் கட்டைல மாட்றது நைனா? உனக்குத்தான் தெரியும். கெட்டியா பாத்துச் சொல்லு."

கழியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினொன்றையும் தட்டிக் காண்பித்தேன். ஏழாவதில் மாட்டச் சொன்னேன். தூளி ஆட ஆட, அந்தக் கட்டை சீக்கிரம் தளரும். அந்த அளவில்தான் நினைத்தேன். குழந்தையைப் பற்றிப் பிரத்தியேகமாக எதுவும் நினைக்கவில்லை.

அடுத்து மொட்டைமாடி. கருவாட்டு உப்பு சுண்ணாம்பைத் தின்றுவிடும் என்று எந்த வீட்டுக்காரரும் மாடியில் மீன் உலர்த்த விடமாட்டார். நான் விட்டேன். உப்பு தளத்தில் படாமலிருக்க முழங்கால் உயரத்துக்கு மணல் பரப்பிக்கொள்ளச் சொன்னேன், மணலையும் நானே வண்டிவண்டியாக அனுப்பினேன். மாதா கோயிலில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினதாக அவள் சொன்னாள். ஐப்பசி பிறக்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் மாடிக்கு ஏறி, மழைத் தண்ணீர் இறங்கும் வாயை ஓட்டுச் சில்லும் சுண்ணாம்பும் வைத்துப் பூசி அடைத்தேன். கொத்தனார் கரணை பிடிக்க எனக்கு நன்றாகவே வரும். காய்ந்த மணலைவிட நனைந்த மணல் எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் நனைந்துகொண்டே என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"நைனா, மாடில தண்ணி அப்டியே நின்னுகினு கீது. செவுரெல்லாம் ஊறிப்போச்சு. கட்டைலேர்ந்து மாவு மாவா கொட்டுது. பச்சக்கொயந்தய வச்சுகினு பயமா கீது. செல்விய எங்க தங்கச்சி வூட்டாண்ட இட்டுகினு பூடட்டா?"

மழை விட்டதும் தண்ணீர் வடிந்துவிடும் என்றேன். இந்த ஈரத்தில் பச்சைக் குழந்தையைத் தெருவில் தூக்கிக்கொண்டு அலைந்தால் மாந்தம் கண்டுவிடும், வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல் என்றேன். என் பெண்சாதி அவளுக்குச் சூடாகக் காப்பி கொடுத்தாள். அவள் அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தளம் இறங்கியது. ஏழாவது கட்டைதான் முதலில் போயிருக்கிறது.

தாயையும் பிள்ளையையும் எடுக்க மத்தியானமாகிவிட்டது. மணலை வாரியவர்களில் நானும் ஒருவன். சவப்பெட்டி இரண்டும் என் செலவு. விசாரணைக்கு வந்தவர் பழைய வீடு, பெருமழை என்று எழுதிக்கொண்டு போனார்.

கருவாட்டை அதன்பிறகு அவளால் தொட முடியவில்லை. பிழைப்பு வேண்டுமே என்று, மாசியில் அதே மனையில் வேலை தொடங்கியபோது அவளுக்குச் சித்தாள் வேலை கொடுத்தேன். இடித்தது போக நல்ல சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டேன். நல்ல பொருளை வீணாக்க எனக்குப் பிடிக்காது. அதுதான் என் தப்பு. புதுத் தளத்துக்குச் சுண்ணாம்பு போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்துக்கொண்டே வருவார்கள் இல்லையா, அவள் அப்படியே நகர்ந்து கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து நின்றுவிட்டாள். தண்ணீர் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். குப்பை அடைத்திருந்தால் கையோடு வந்திருக்கும். இது பூச்சு, வழவழவென்று தேய்த்த பூச்சு.

"யாரு நைனா அடச்சது?"

குடியிருப்பவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை. கட்டை உளுத்ததா என்று என்னை யாரும் நேராகக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இதை அவள் நேராகக் கேட்டாள். நான்தான் என்றேன். தூளி வளையத்தையும், மனையில் நான்கு குடும்பம் வைக்கலாம் என்பதையும் சேர்த்தே விளக்கினேன். மற்றப் பெண்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சுண்ணாம்பு இறுகிவிடுமே என்று எனக்கு அதுவேறு கவலை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். பிறகு உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் சொன்னதெல்லாம் சரி. தளம் விழும் என்று எனக்குத் தெரியும், எங்கே முதலில் விழும் என்றும் தெரியும், அங்கே யார் படுத்திருப்பார்கள் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று மாடிப்படி இறங்கும் முன் அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"காலி பண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே நைனா. புள்ளயத் தூக்கிகினு அன்னிக்கே போயிருப்பனே."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து, வீட்டை விட்டுப் போ என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஐயா.