பதினோராம் நம்பர்

ஒரு பிள்ளைக்கு விக்கல் வந்தால் வகுப்பு முழுவதற்கும் விக்கல் வரும் என்பதை, தேயிலை எஸ்டேட்டுக்கு வந்த இரண்டாம் நாளே கற்றுக்கொண்டேன். முதல் பிள்ளையுடையது மட்டும்தான் உண்மையான விக்கல். மற்ற இருபத்திரண்டும் போட்டிக்கு விக்குவது. அன்றைய குறிப்பில் 'நான் இந்த வேலைக்கு லாயக்கா?' என்று ஒரே பக்கத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். குறிப்பேடு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, ஐயா. பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளைக்குத் துணையாக நின்று, வேலைக்கு வந்த ஆட்களின் நம்பரைக் கூப்பிடுவேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். எனக்கு முன்னால் இருந்த வாத்தியார் பிரம்பால் ஒரு பையனின் விரலை உடைத்து வேலையை இழந்தவர். நான் ஒரு பிள்ளையையும் தொட்டதில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் முறை வேறு. காலையில் முந்நூறு பெரியவர்கள் கொட்டும் பனியில் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். நம்பரைக் கூப்பிட்டால் மட்டும் 'இருக்கேன்' என்கிறார்கள். பிள்ளைகளுக்கும் நம்பர் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கொடுத்தேன். அவர்களுக்கு ஒரே குஷி. அப்பன் ஆத்தாளைப் போல ஆகிவிட்டோம் என்று வரிசை வீட்டு லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்கள்.

வகுப்பை ஒட்டி ஒரு பழைய உரக்கிடங்கு உண்டு. கல் சுவர், ஜன்னல் கிடையாது. சாவி என்னிடம். அழுகையோ சிரிப்போ அடக்க முடியாத பிள்ளை அதற்குள் போய் உட்கார வேண்டும். வெளியே பூட்டுவேன். நான் நூறு வரை எண்ணி நம்பரைக் கூப்பிடும்வரை சத்தம் கூடாது. வாயைத் திறந்தால் எண்ணுவதை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். பிள்ளைகளே அதற்குச் 'சும்மா அறை' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே போனவர்களைப் பற்றி வீட்டில் மூச்சு விடக் கூடாது என்பதும் விதி.

கார்த்திகைக்குள் முறை நன்றாகப் பிடித்துவிட்டது. பிறகு சோதனை வைத்தேன். உள்ளே ஒருத்தர் இருக்கும்போது மற்றவர்கள் கதவுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கெஞ்சுவார்கள், ஆசை காட்டுவார்கள். பெயருக்குப் பதில் சொல்லாமல் நம்பருக்கு மட்டும் சொல்லும் பிள்ளைக்கு மறையூர் வெல்லம் ஒரு துண்டு. எல்லோரும் தோற்றார்கள். பூமாரி ஒருத்திதான் ஐந்து முறை வெல்லம் வாங்கினாள். ஏழு வயது, பதினோராம் நம்பர், கொழுந்து எடுக்கும் சுடலை, அழகுத்தாய் தம்பதியின் ஒரே பெண். சிரிப்புதான் அவளுடைய நோய். அது மட்டும் குறையவில்லை.

தை மாதம் எட்டாம் தேதி, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது அவள் எழுந்து நின்று, என் குரலிலேயே, மூக்கை உறிஞ்சி நம்பர் கூப்பிட்டாள். வகுப்பு முழுவதும் 'இருக்கேன்' என்றது. நன்றாகத்தான் செய்தாள். நான் மூக்கை உறிஞ்சுகிறேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவளை உள்ளே அனுப்பினேன்.

எழுபது வரை எண்ணியிருப்பேன். மறுநாள் எஸ்டேட் துரை வகுப்பைப் பார்க்க வருகிறார், சுவர்ப்படங்களை வாங்கிப் போ என்று ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓடினேன். மறந்துவிட்டேன். அது மனிதனுக்கு வருவதுதான்.

ஏழு மணிக்கு அழகுத்தாய் என் வாசலில் நின்று, பிள்ளை வகுப்புக்கு வந்தாளா என்று கேட்டபோது நினைவு வந்தது. துரை வருவதும் கூடவே நினைவு வந்தது. எல்லோரையும் அனுப்பிவிட்டேனே என்றேன். இவள் போனதும் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அவள் போவதற்குள் லயமே லாந்தரோடு வந்துவிட்டது. என்னையும் கூட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒருவரும் விதியை மீறவில்லை.

கங்காணி சங்கையா உரக்கிடங்கின் முன் நின்றார்.

"வாத்தியாரே, இதுக்குள்ள கெடக்குமோ?"

"பூட்டியில்லா கெடக்கு," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பூட்டித்தான் இருந்தது.

சுடலைக்கு மனது கேட்கவில்லை. கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டான்.

"ஏட்டி பூமாரி, அப்பன் வந்திருக்கேன். ஒரு சத்தம் குடுட்டி. ஒனக்கு வெல்லம் வாங்கித் தாரேன்."

உள்ளே சின்னச் சத்தம்கூட இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் ஒரு முறை விசும்பியிருந்தால் நானே திறந்திருப்பேன், சத்தியமாக. அதை அவளிடம்தான் விட்டிருந்தேன். ஆறாவது முறையாக ஜெயித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை சந்தேகத்துக்கும் பிறகு, நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று ஒரு பிள்ளையிடம் நின்றதே என்று.

பிறகு எல்லோரும் ஓடைப் பக்கம் இறங்கித் தேடினோம். திரும்பியபோது கிடங்கின் எதிர்லயத்து வாசலில் பெண்கள் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது திறந்தால் எழுந்து அழுவாள், அவர்களுக்குக் கேட்கும். தூங்கட்டும் என்று விட்டேன். அன்று கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி. அது எனக்குத் தெரியும். குறிப்பேட்டில் 'கடும் குளிர், இரண்டு கம்பளி' என்று எழுதிவிட்டுத்தான் படுத்தேன்.

காலைப் பெரட்டில் அழகுத்தாயின் நம்பரைக் கூப்பிட்டேன். பழக்கத்தில் 'இருக்கேன்' என்றாள். பிறகுதான் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

ஆட்கள் மலை ஏறியதும் கதவைத் திறந்தேன். பூமாரி சுவரோரம், கை கட்டி, நான் சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்று, மூக்கை உறிஞ்சாமல், பதினொண்ணு என்று மூன்று முறை கூப்பிட்டேன்.

நம்பரைக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றுதான் முதல் முறையாகத் தவறினாள். அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை, ஐயா. அவள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.