இரவல் வாங்கிய 'கெட்'

மாத்தளை நிலையத்தில் கண்டி பஸ் இருபது நிமிடமாக நின்றுகொண்டிருந்தது. கண்டக்டரைக் காணவில்லை. என் முன் இருக்கையில் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து இளம் தம்பதி. மனைவியின் மடியில் தடித்த ஆங்கில அகராதி விரிந்திருந்தது.

"என்னங்க, இந்த 'கெட்' ஒன்னுக்கே ரெண்டு பக்கம் போட்டிருக்கான். வாங்குறதும் கெட், எந்திரிக்கிறதும் கெட், பஸ்ஸ விட்டு எறங்குறதும் கெட். பதினேழு அர்த்தம் ஆச்சு, இன்னும் முடியல."

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து நானும் பதினேழுதான் எண்ணியிருந்தேன்.

"விடு புள்ள. கம்பெனியில டெலிபோன் எடுக்கத்தானே இன்டர்வியூ. வெள்ளக்காரத் தொரைமாரே கப்பலேறிப் போயிட்டாங்க, இனி யாரு தப்புப் பாக்கப் போறா?"

"தோட்டத்து இங்கிலீசுன்னு சிரிச்சாங்கன்னா? வேற ஆள எடுத்துருவாங்க. நான் மறுபடியும் கொழுந்துக் கூடையத்தான் தூக்கணும்."

கணவர் அகராதியை வாங்கி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற கடைசி வரியை விரல் வைத்துப் படித்தார்.

"இது இங்கிலீசே இல்லையாம். இங்கிலாந்துக்கு வடக்க இருந்து கப்பல்ல கொள்ளையடிக்க வந்தவங்க பேசின வார்த்தையாம்."

"வாங்குறதுக்குன்னு சொந்தமா ஒரு வார்த்தை இல்லையா அவங்ககிட்ட?"

"அதையும் வாங்கித்தான் வச்சிருக்காங்க."

அவள் சிரித்த சிரிப்பில், அப்போதுதான் ஏறிய கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் அகராதியை மூடினாள்.

"இன்னும் ஒரு பக்கம் கெடக்கே?" என்றார் கணவர்.

"இரவல் வாங்கினவங்களே படிக்கட்டும். தெரிஞ்ச இங்கிலீச நானும் கூசாம பேசிட்டு வாரேன்."

பஸ் புறப்பட்டது. அந்த ஒரு பக்கத்தில் எத்தனை அர்த்தம் இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாமலே போயிற்று.